நாற்பத்தாறு பக்கச் சீட்டாட்டம்

ராம்நாத் சாருக்கு அடுத்தபடியாக அந்த விதிநூலை முழுக்கப் படித்தது நானாகத்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடையில் தட்டச்சு செய்கிறேன். போன வருடம் அவர் கையெழுத்துப் பிரதியுடன் வந்து, தமிழில் அடித்துத் தரச் சொன்னார். சென்னையில் பெரிய கம்பெனியில் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். இங்கே ஒரு சீட்டாட்டக் கழகத்தின் செயலாளர். அடித்து முடித்தபோது நாற்பத்தாறு பக்கம் வந்தது.

"இது என்ன சார், சொத்துப் பத்திரமா?" என்று கேட்டேன்.

"சீட்டாட்டம்மா. பிரிட்ஜ். நாலு பேர், ரெண்டு ஜோடி."

"நாலு பேர் ஆடுறதுக்கா இத்தனை பக்கம்?"

"வந்து பாருங்க. சாயங்காலம் கிளாஸ் நடக்குது."

அப்படித்தான் திருமயம் சாலையில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கழகத்துக்குப் போனேன். வகுப்பு எடுத்தவர் ஜஸ்டின். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர், முப்பது வயதுகூட இருக்காது. அங்கே எனக்குக் கிடைத்த ஜோடி செல்வராணி அக்கா. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். அண்ணன் தம்பிகளோடு வயல் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர். சீட்டைக் கையில் பிடிக்கும் விதத்திலேயே அது தெரியும்.

ஆனால் அந்தப் பழக்கம்தான் அவருக்கு எதிரியாக வந்தது. எங்கள் பக்கத்து முன்னூற்றிநாலில் முறை வலது கைப் பக்கமாகச் சுற்றும். பிரிட்ஜில் இடது கைப் பக்கமாகச் சுற்றும். பிரிட்ஜில் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு ஏலம் உண்டு. இத்தனை பிடி எடுப்போம் என்று ஒவ்வொருவரும் முறைப்படி தன் முன்னால் உள்ள பெட்டியிலிருந்து ஏல அட்டை எடுத்து வைத்துச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இடப்பக்கம் இருப்பவர் ஏலத்தைத் தொடங்கினால், அடுத்து எதிரே இருக்கும் என் முறை. அக்காவின் கையோ தானாகப் பெட்டிக்குள் போய் அட்டையை எடுத்து வைத்துவிடும். மூளை தடுப்பதற்குள் கை செய்துவிடும். இருபது வருடப் பழக்கம்.

வகுப்பில் சிரித்துவிட்டு அட்டையைத் திரும்ப வைப்போம். போட்டியில் அப்படி முடியாது. நான் எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரிவதற்கு முன்பே என் ஜோடி தன் சீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால், எனக்குக் கிடைக்கக் கூடாத தகவல் கிடைத்துவிடுகிறது. அதற்கு விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகம் முழுக்க ஆடுபவர்களுக்கு ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. அதன்படி நடுவர் வந்து அந்த ஏலத்தைச் சரிசெய்து ஆட்டத்தைத் தொடரச் சொல்வார்.

ராம்நாத் சாரின் விதிநூல் அதற்கு மேல் 'அட்டவணை இ' என்று ஒன்றைச் சேர்த்திருந்தது. முப்பத்தேழு வகைப் பிழைகள். ஒரே நாளில் ஒரு ஜோடியின் முதல் பிழைக்கு எச்சரிக்கை. இரண்டாவதுக்கு அந்த ஆட்டத்தில் சுழி. மூன்றாவதுக்குப் போட்டியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்ட ஜோடி, மாலை வகுப்பை முதலிலிருந்து முடித்த பிறகே மறுபடி போட்டிக்கு வரலாம். இதை நானே அடித்தேன். அடிக்கும்போது ஒழுங்காக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூத்த உறுப்பினர்களில் ஒன்பது ஜோடி, எங்கள் வகுப்பிலிருந்து ஐந்து ஜோடி. நடுவர் ஜஸ்டின். மாடிப்படியில் ஏறும்போதே அக்கா சொன்னார்.

"கார்த்திகா, செயிக்கணும்னு இல்ல. கடைசி ஆட்டம் வரைக்கும் ஒக்காந்து ஆடிட்டுப் போகணும். எங்க மாமியா காலைல என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சீட்டாடப் போற பொம்பளய எந்தச் சபையிலயும் வச்சுக்க மாட்டாங்க, மத்தியானத்துக்குள்ள வெரட்டி விட்டுருவாங்க, சோறு வடிச்சு வைக்கிறேன்'ன்னுச்சு."

"வடிக்கட்டும்க்கா. ராத்திரிக்கு ஆகும்."

"நக்கலா? பேசாம ஏறு புள்ள."

முதல் சுற்றிலேயே அக்காவின் கை முந்திவிட்டது. எதிர் ஜோடியில் ஒருவர் கையைத் தூக்கி ஜஸ்டினை அழைத்தார். எச்சரிக்கை. அக்கா அதன்பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆடினார். மதியத்துக்கு முன் கடைசிச் சுற்றில் ஒரு கணம் அந்தப் பிடி தளர்ந்தது. மறுபடி கை. மறுபடி ஜஸ்டின். அந்த ஆட்டத்துக்குச் சுழி.

"இன்னொரு தடவைன்னா வெளிய போகணும், தெரியும்லங்க?" என்றார் ஜஸ்டின். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சாப்பாட்டு வேளைக்குள் வகுப்பு ஜோடிகள் இரண்டு நீக்கப்பட்டிருந்தன. ஒரு ஜோடியின் மூன்றாவது பிழை, ஆடி முடித்த சீட்டை மேசையில் வைக்க வேண்டிய திசை மாறியது. இன்னொரு ஜோடிக்கு, ஏலத்தின் பொருளை எதிராளி கேட்டபோது ஜோடி சொல்ல வேண்டிய பதிலை ஏலம் வைத்தவரே சொன்னது. அவர்கள் இட்லிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். மூத்தவர்களில் ஒருவருக்குக்கூட எச்சரிக்கை இல்லை.

நான் எதையும் சட்டென்று முடிவு செய்கிறவள் இல்லை. என் கணிப்பில் எனக்கே நம்பிக்கை குறைவு. அதனால் சாப்பிடாமல் அரங்கின் ஓரத்தில் நின்று, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து பழகுவதற்காக ஆடிக்கொண்டிருந்த மூத்தவர்களின் மேசையைக் கவனித்தேன். சீட்டைப் பார்க்கும் முன் கவிழ்த்து வைத்துப் பதின்மூன்று இருக்கிறதா என்று எண்ண வேண்டும் என்பது அட்டவணையில் நான்காவது. யாரும் எண்ணவில்லை. ஏலத்தை ஒரு படி தாண்டி உயர்த்தும்போது 'நிறுத்தம்' என்ற சிவப்பு அட்டையை வைத்து அடுத்தவர் சற்று நேரம் பொறுக்க வேண்டும் என்பது பதினொன்றாவது. அந்த அட்டையைப் பெட்டியிலிருந்து யாரும் எடுக்கவே இல்லை. ஒருவரின் கைப்பேசி மேசை மேலேயே கிடந்தது. எல்லாரும் எல்லா விதியையும் மீறினார்கள். யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. அது அவர்களுக்குள் மரியாதை. எங்களுக்குக் கையைத் தூக்கினார்கள். அது எங்களுக்குப் பயிற்சியாம்.

ராம்நாத் சாரிடமே போய்க் கேட்டேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட அவருடைய ஜோடி குமரப்பன் ஐயா. இருவரும்தான் அதுவரை முதலிடம்.

"சார், ஆட வர்றவங்களுக்கு இவ்வளவு விதி வேணுமா?"

"ஏம்மா, நீங்க பத்திரக் கடையில இருக்கீங்க. நாலு எல்லையும் எழுதாமப் பத்திரம் போடுவீங்களா?"

"மாட்டோம் சார்."

"ஏன்? எழுதாம விட்டா பலசாலி வேலிய நகட்டிருவான். இங்கயும் அப்படித்தான். விதி எழுதலைன்னா மூத்தவன் சொல்றதுதான் விதின்னு ஆயிரும். புதுசா வர்றவங்களக் காப்பாத்தத்தான் நான் எழுதினேன்."

அது சரியான வாதம். பத்திரத்தில் எல்லை எழுதாத சொத்துகள் என்ன பாடுபடும் என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் வாங்குகிறவர் பத்திரத்தை மனப்பாடம் செய்வதில்லை. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று தெரிந்துகொண்டு நிலத்தில் இறங்கி உழுகிறார். சண்டை வந்தால்தான் பத்திரத்தைப் பிரிக்கிறோம்.

இதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "விவரமெல்லாம் நடுவர்கிட்ட இருக்கட்டும் சார். ஆடுறவங்களுக்கு ஒரு பக்கம் போதும். நீங்களும் ஒங்க ஜோடியும் பேசி வச்சிருக்கிறத எதிராளிகிட்ட மறைக்காதீங்க. தப்பு நடந்தா நீங்களே சரிபண்ணாம நடுவரக் கூப்பிடுங்க. மத்தத அவரு பாத்துக்குவாரு. முப்பத்தேழு தண்டனைய எதுக்கு மேசைக்குக் கொண்டாரணும்?"

குமரப்பன் ஐயா சிரித்தார். "ஆத்தா, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. இதெல்லாம் சின்னப் புள்ளைங்க ஒழுங்கா வரட்டும்னு போட்டது. பெரியவங்க நாங்க அதப் பாத்தா ஆடுறோம்?"

ராம்நாத் சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கோ காது சூடாகிவிட்டது. ஒரு விதி எங்களுக்கு மட்டும் என்றால் அதற்கு விதி என்று பெயர் கிடையாது. அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவிடம் வந்து கேட்டேன். "அக்கா, மத்தியானம் நான் எல்லாத்துக்கும் கையத் தூக்கப் போறேன். எந்த மேசையில எவரு தப்பு பண்ணினாலும். அவங்க கோவப்படுவாங்க. ஒங்களுக்குச் சம்மதமா?"

"எல்லாத்துக்குமா?"

"முப்பத்தேழுக்கும்."

அக்கா சோற்றை மென்றபடி யோசித்தார். "அந்த இட்லிப் பொட்டலத்தோட போனுச்சே ரெண்டு புள்ளைங்க, அதுங்க மொகம் கண்ணுலயே நிக்குது. தூக்கு கைய."

பிற்பகல் முதல் சுற்றில் எதிர் ஜோடியில் ஒருவர் சீட்டை எண்ணாமல் விரித்தார். நான் கையைத் தூக்கினேன். ஜஸ்டின் வந்தார்.

"நாலாவது பிழை சார். எண்ணல."

"அட, என்னம்மா இது?" என்றார் சீட்டை விரித்தவர்.

ஜஸ்டின் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். "எச்சரிக்கை," என்றார்.

அடுத்த ஆட்டத்தில் நிறுத்த அட்டை. கை. அதற்கு அடுத்த சுற்றில் கைப்பேசி. கை. முடிந்த ஆட்டத்தைப் பற்றி மேசையிலேயே வாதம். கை. ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, பிழையின் எண்ணை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டே கையைத் தூக்கினேன். ஒன்றும் தப்பாகவில்லை. நான் அடித்த எழுத்துகள்தானே.

கொஞ்ச நேரத்தில் வேறு மேசைகளிலிருந்தும் குரல் கேட்டது. "நடுவர்!" மிச்சமிருந்த வகுப்பு ஜோடிகள். பிறகு, எச்சரிக்கை வாங்கிய எரிச்சலில் மூத்தவர்களே ஒருவரை ஒருவர். "நடுவர்!" ஜஸ்டினுக்கு மின்விசிறிக்குக் கீழேயே ஓடி ஓடிச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தேநீருக்குள் முடிந்திருக்க வேண்டிய சுற்றுகளில் பாதிதான் முடிந்திருந்தன. மூத்த ஜோடிகளில் இரண்டு வெளியே போயின. அதில் ஒருவர் படியிறங்கும்போது, "சீட்டாட வந்தமா, ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்தமா?" என்று கத்திவிட்டுப் போனார்.

தேநீர் வேளையில் குமரப்பன் ஐயா என்னை ஜன்னலோரம் அழைத்தார். அவர்கள் ஜோடிக்கும் இரண்டு பிழை பதிவாகியிருந்தது. ஒன்று அவருடைய கைப்பேசி மணியடித்ததற்கு. ஒன்று ராம்நாத் சார் அவசரத்தில் நிறுத்த அட்டை வைக்காததற்கு.

"ஆத்தா, போதும். ஒங்க ஜோடி மேல இருக்கிற ரெண்டையும் ஜஸ்டின்கிட்டச் சொல்லி அழிச்சிருவோம். ஒங்கக்கா நிம்மதியாக் கடைசி வரைக்கும் ஆடட்டும். நீ கைய எறக்கிக்க. சரியா?"

நான் செல்வராணி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"அட்டவணைய எடுத்துட்டோம்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிருங்க ஐயா. காலைல போன ரெண்டு ஜோடியையும் கூப்பிடுங்க. அப்ப எறக்கிக்கிறேன்."

"அது எப்படி முடியும்?"

"அப்ப எங்களுக்கு மட்டும் வேணாம்."

"வீம்பு," என்றார் அவர். "நல்லதுக்கில்ல."

கடைசிச் சுற்றில் எங்கள் மேசைக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ராம்நாத் சார் அக்காவின் இடப்பக்கம், குமரப்பன் ஐயா என் இடப்பக்கம். இரண்டு ஆட்டங்கள் பாக்கி. பிரிட்ஜில் ஒரே சீட்டுகளை எல்லா மேசைகளும் ஆட வேண்டும் என்பதால், நான்கு பேர் சீட்டும் நான்கு பைகள் உள்ள ஒரு தட்டையான பெட்டியில் மேசைக்கு மேசை வரும். என் பையிலிருந்து என் சீட்டை உருவினேன். உருவும்போது என் கண் குமரப்பன் ஐயாவின் விரல்களில் இருந்தது. அவர் எண்ணுகிறாரா என்று பார்த்தேன். அவர் எண்ணவில்லை, என்னை முறைத்தபடி விரித்தார். அவர் விரிப்பதைப் பார்த்துக்கொண்டே நானும் விரித்தேன்.

அது அவர்களுக்கு மூன்றாவது என்ற நினைப்பில் கை ஒரு கணம் தயங்கியது, அதற்குள் ஏலம் என்னிடம் தொடங்கியது. ஒரு ஆர்ட்டின் என்று வைத்தேன். குமரப்பன் ஐயா பாஸ். அக்கா சரியான முறையில், சரியான நேரத்தில், இரண்டு ஆர்ட்டின். ராம்நாத் சார் பாஸ். மறுபடி என் முறை. எதுவரை போகலாம் என்று கணக்குப் போட்டேன். ஆர்ட்டின் ஐந்து, இஸ்பேடு மூன்று, டயமண்ட் இரண்டு, கிளாவர் இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு.

மறுபடி கூட்டினேன். பன்னிரண்டுதான்.

தலை நிமிர்ந்தபோது குமரப்பன் ஐயாவின் முகமும் வெளுத்திருந்தது. அவர் கையில் விசிறியாக விரிந்திருந்த சீட்டு தடித்துத் தெரிந்தது. பதினான்கு. முந்தைய மேசையில் யாரோ ஒரு சீட்டைப் பை மாற்றிச் செருகியிருக்கிறார்கள். விரிக்கும் முன் இருவரில் ஒருவர் எண்ணியிருந்தாலும் ஜஸ்டின் வந்து சரிசெய்திருப்பார். இப்போது பார்த்தாயிற்று, ஏலமும் போயாயிற்று. இருவர் மீதும் பிழை. எங்களுக்கு மூன்றாவது. அவர்களுக்கும் மூன்றாவது. நாள் முழுக்க மற்றவர்கள் எண்ணுகிறார்களா என்று பார்த்த நான், என் சீட்டை எண்ணவில்லை.

குமரப்பன் ஐயா உதடு அசையாமல் சொன்னார். "ஒண்ண இங்கிட்டிருந்து அங்கிட்டுத் தள்ளி விடுறேன். யாருக்குத் தெரியப் போவுது."

ராம்நாத் சார் காதில் அது விழுந்துவிட்டது. அவர் தன் ஏல அட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார். நாற்பத்தாறு பக்கம் எழுதியவர்.

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க முடியாது. ஏலத்தின் நடுவில் ஜோடியிடம் பேசக் கூடாது. இந்தக் கையை இப்போது தூக்காவிட்டால், பிற்பகல் முழுக்கத் தூக்கியதெல்லாம் வெறும் பழிவாங்கல். தூக்கினால் அக்காவின் மாமியார் சொன்னது நடந்துவிடும்.

தூக்கினேன்.

ஜஸ்டின் வந்து நான்கு கைகளையும் எண்ணினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஜோடியும் நீக்கம். அட்டவணைப்படி." அரங்கமே திரும்பிப் பார்த்தது. முதலிடத்தில் இருந்த ஜோடி ஆயிற்றே.

"ஜஸ்டின்," என்றார் ராம்நாத் சார் மெதுவாக, "நான் இத இந்த மாதிரிக்காக எழுதல."

"யாருக்காக எழுதினீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுதிக்கங்க ஜஸ்டின். நீக்கம். எனக்கும்."

"மறுபடி ஆடணும்னா மாலை வகுப்புக்கு வரணும் சார்," என்றார் ஜஸ்டின், தயங்கியபடி. பின்மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"தெரியும்யா. நான்தானே எழுதினேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "என்னைய ஒரு வார்த்த கேட்டியாடி? ஒன்னோட நாயத்துக்கு என் ஞாயித்துக்கெழமதான் கெடச்சுச்சா?"

என் ஏல அட்டைகளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.

எல்லாரும் நாங்கள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தார்கள். அக்கா எழவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார்.

"ஜஸ்டின் தம்பி, நீக்கியாச்சு. சரி. என் கணக்கக் கிழிச்சுப் போடு. நாற்காலிய விட்டு எந்திரிக்கணும்னு எங்க எழுதியிருக்கு? காலைல அந்தப் புள்ளைங்க தெரியாமப் போயிருச்சுங்க. நான் போக மாட்டேன். கார்த்திகா, நீ சொல்லு. எந்தப் பக்கத்துல இருக்கு?"

நாற்பத்தாறு பக்கத்தையும் மனதில் புரட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை, அவசரப்படாமல். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"எங்கயும் இல்லக்கா. மதிப்பெண்ணும் இடமும் கெடையாதுன்னுதான் இருக்கு. அரங்கத்த விட்டுப் போகணும்னு இல்ல."

"இல்லதான்," என்றார் ராம்நாத் சார்.

"கடைசி ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் அக்கா. "அத ஆடிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். ஆட ஆள் இருந்தா ஒக்காருங்க. இல்லன்னா நாலு கையையும் நானே ஆடிக்கிறேன்."

குமரப்பன் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கணக்கில்லாத ஆட்டத்துக்கு நான் வரலப்பா," என்று சொல்லிக் கதவு வரை போனார். அங்கேயே நின்றார். ராம்நாத் சார் எழவில்லை என்பதைப் பார்த்தார். முனகிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஜஸ்டின் கடைசிப் பெட்டியை எங்கள் மேசையில் வைத்தார். மதிப்பெண் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எண்ணுங்க," என்றார் அக்கா. நால்வரும் கவிழ்த்து வைத்து எண்ணினோம்.